பிணம் சொன்ன சாட்சி

லிண்டன்பாக் நகரத்தில் பிணங்கள் சாட்சி சொல்லும் வழக்கத்தை ஒழித்தவர் வைத்தியர் அம்புரோஸ். அதற்கு முன்பு அவை தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. யாராவது கொலையுண்டு கிடந்தால் உடலைப் பாடையில் கிடத்தி, சந்தேகத்துக்குரிய ஆளைக் கூட்டி வந்து, அதன் நெஞ்சில் கை வைக்கச் சொல்வார்கள். கொன்றவன் கை பட்டால் காயம் மறுபடி ரத்தம் கக்கும். குற்றமில்லாதவன் கை பட்டால் பிணம் பிணமாகவே கிடக்கும். ரத்தம் வந்துவிட்டால் ஆளைக் கோபுரத்துக்குக் கொண்டுபோய், கைகளைப் பின்னால் கட்டிக் கப்பியில் தூக்குவார்கள். சட்டத்தில் அதற்கு விசாரணை என்று பெயர். தூக்கிய பிறகும் ஒப்புக்கொள்ளாதவர்கள் எங்கள் ஊரில் அரிது.

அம்புரோஸ் ஹாலந்தில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எதையும் ஏற்காதே, உன் அறிவுக்குத் தெளிவாகத் தெரிவதை மட்டும் ஏற்றுக்கொள் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மனித உடல் குழாயும் விசையும் கொண்ட இயந்திரம் என்றும் சொல்லி, அறுத்தும் காட்டியிருந்தார்கள். ஊர் திரும்பி நகர வைத்தியரானதும் அவருக்கு வந்த முதல் வேலை, ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் ஒருவனின் தோள்மூட்டைப் பொருத்துவது. அவன் தொட்டபோது ஒரு பிணம் ரத்தம் சிந்தியிருந்தது. ஈஸ்டருக்குள் உண்மையான கொலைகாரன் பக்கத்துச் சீமையில், செத்தவனின் குதிரையோடு பிடிபட்டான். பாத்திரம் அடைப்பவன் விடுதலையானான், ஆனால் அதன் பிறகு அவனால் தன் தலையைத் தானே சீவிக்கொள்ள முடியவில்லை.

அம்புரோசுக்கு வந்த கோபம் நியாயமான கோபம். நகர சபைக்குப் போய்ப் பேசினார். "நின்னுபோன கடிகாரத்தத் திருடன் தொட்டா அது மணி அடிக்குமா? செத்த உடம்பும் அப்படித்தான். தூக்கிட்டு வர்ற குலுக்கல்ல ரத்தம் வரும், வெயில்ல வரும், உப்புன வயித்தால வரும். தொடுறது யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" சபை கேட்டுக்கொண்டது. வழக்கத்தை எடுத்துவிட்டது. சீமையை ஆண்ட கோமகன் புது அறிவியல் மோகத்தில் அந்த ஆண்டுதான் ஒரு தொலைநோக்கி வாங்கியிருந்தார், பழங்காலத்து ஊர் என்று பெயரெடுக்கச் சபைக்கு விருப்பமில்லை. பகுத்தறிவு வென்றது என்று அம்புரோஸ் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும், பாவம்.

கப்பியை யாரும் எடுக்கவில்லை. அது அவர் கேட்காததால் இருக்கலாம்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு ஜனவரிக் காலையில், பீர் வடிக்கும் வெண்டல் தன் நிலவறைப் படிக்கட்டின் அடியில் செத்துக் கிடந்தான். பின்மண்டை உடைந்திருந்தது. நீதிபதி ஹார்ட்விக் ஆள் அனுப்பி வைத்தியரை அழைத்தார். அம்புரோஸ் குனிந்து, விரலால் எலும்பைத் தடவிப் பார்த்து, படியில் உறைந்திருந்த பனியைப் பார்த்து, பீப்பாய் அடைப்பைத் தட்டும் மரச்சம்மட்டியையும் எடுத்துப் பார்த்தார். அது எல்லா நிலவறையிலும் கிடக்கும் சாமான்.

"என்ன சொல்றீங்க வைத்தியரே? விழுந்தானா, விழ வெச்சாங்களா?" என்றார் நீதிபதி.

"விழுந்தாலும் இப்படி உடையும். சம்மட்டியால அடிச்சாலும் இப்படித்தான் உடையும். இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்றார். லெய்டன் ஆசிரியர்கள் கேட்டிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும். அந்தச் சம்மட்டியை அவர் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்ட நீதிபதி, மதியத்துக்குள் வெண்டலின் செத்துப்போன அண்ணனின் விதவை உர்சுலாவைக் கைது செய்து கோபுரத்தில் அடைத்துவிட்டார்.

அதற்கு முதல் நாள் காலை வடிசாலை முற்றத்தில் உர்சுலாவும் வெண்டலும் போட்ட சண்டையைத் தெருவே கேட்டிருந்தது. "நீ இந்தப் படியிலேயே உருண்டு சாவ, பாரு!" என்று அவள் கத்தியதையும் கேட்டிருந்தது. சண்டைக்குக் காரணம் என்ன என்பது மட்டும் தெருவுக்குத் தெரியாது. அம்புரோசுக்குத் தெரியும், ஏனென்றால் காரணமே அவர்தான். இளவேனிலில் இருவரும் மணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். புருஷன் வழியில் வந்த வடிக்கும் உரிமையில் பாதி அவளுடையது. அதோடு அவள் இன்னொரு வீட்டுக்குப் போவதைக் கொழுந்தன் எப்படிப் பொறுப்பான்?

கைதான செய்தி வந்தபோது அம்புரோஸ் யாருக்கோ விரல்புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பாதிக் கட்டோடு விட்டுவிட்டு ஓடினார். நாற்பதைத் தாண்டிய, தொப்பியில்லாமல் வெளியே வராத மனிதர், பனியில் தொப்பியில்லாமல் ஓடியதை ஊர் பார்த்தது.

கோபுர அறையில் உர்சுலா வைக்கோல்மேல் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். அழுத முகமாக இருக்கும் என்று நினைத்து வந்தவருக்கு ஏமாற்றம்தான். காவல்காரனிடம் ரொட்டி பழசு என்று சண்டை போட்டு, வேறு ரொட்டி வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

"வந்தீங்களா? நல்லது. நாளைக்கு வெண்டல் மேல கைய வெச்சுக் காட்டிட்டேன்னா விட்டுடுவாங்க. எந்த நேரத்துக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. வீட்டுல பீருக்கு பார்லி ஊறிட்டிருக்கு, விட்டா அழுகிடும்."

"உர்சுலா, அந்தச் சோதனை இப்ப கிடையாது. சபை எடுத்துருச்சு."

"எடுத்தது யாரு? நீங்கதான? போயி திரும்பக் கொண்டுவாங்க."

"அது பொய்யான வழக்கம். செத்த உடம்புக்கு…"

"கடிகாரக் கதையெல்லாம் எனக்கும் தெரியும். நீங்க அன்னைக்குச் சபையில பேசுனத ஊரே நடிச்சுக் காட்டிச் சிரிச்சுது. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நாளைக்கு நான் கைய வெச்சா ரத்தம் வருமா?"

அம்புரோஸ் யோசித்தார். உடல் கல்லறைத் தோட்டத்து மண்டபத்தில் கிடந்தது. அங்கே வாளித் தண்ணீர் கல்லாகிவிடும் குளிர்.

"வராது. உறைஞ்சு கிடக்கு."

"நான் செய்யல, அதனால வராதுங்கறேன். நீங்க குளுருக்கு வராதுங்கறீங்க. எப்படியோ வராது. ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றோம். அப்புறம் என்ன தயக்கம்?"

"நான் எல்லார் முன்னாலயும் பொய் சொல்லணும்."

உர்சுலா ரொட்டியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு ஒரு பொய்யி. எனக்கு ரெண்டு கையி. சோதனை இல்லன்னா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கப்பியில ஏத்திடுவாங்க. சண்டை போட்டேன், சாபம் விட்டேன், சம்மட்டி கெடந்துச்சு. சட்டத்துக்கு அது போதும். அந்தச் சம்மட்டியச் சொன்னது யாருன்னும் காவல்காரன் சொன்னான்."

அவர் இறங்கி வந்தார். படிக்கட்டின் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் அடைத்தது கொடுமைக்குள் போகும் கதவு மட்டுமல்ல, அதிலிருந்து வெளியே வரும் கதவும்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

நீதிபதி ஹார்ட்விக் வயதானவர், வாத நோய்க்காரர், குளிர்காலத்தில் இரண்டு கைகளையும் நுழைத்துக்கொள்ளும் ரோம உறையிலிருந்து அவற்றை வெளியே எடுக்கவே மாட்டார். சோதனையைத் திரும்ப நடத்துங்கள் என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு முதலில் நம்பவில்லை. பிறகு முகம் மலர்ந்தது.

"என்ன வைத்தியரே, கடிகாரத்துக்குக் காது மொளச்சிருச்சா?"

"நான் அவசரப்பட்டுப் பேசிட்டேன். இயற்கையில நமக்குத் தெரியாத தொடர்பு எவ்வளவோ இருக்கு. காந்தம் இரும்ப இழுக்குது, ஏன்னு யாருக்குத் தெரியும்?"

"அதத்தானய்யா நாங்க அன்னைக்கே சொன்னோம்! சொன்னா கேட்டாத்தான? லெய்டன் லெய்டன்னு குதிச்சீங்க." கிழவருக்குச் சந்தோஷம் தாளவில்லை. "சரி, சபை முன்னால இத உங்க வாயாலயே சொல்லணும். மனசாட்சிப்படி சொல்றேன்னு சொல்லணும். அப்பத்தான் நான் திரும்ப அத நடத்த முடியும்."

அன்று மாலையே அம்புரோஸ் சபை முன்னால் நின்று, மனசாட்சிப்படி, தான் பிழை செய்ததாகச் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் சொல்லும் பொய்க்கு ஒரு தனி மரியாதை உண்டு, யாரும் சந்தேகிக்கவில்லை. சிலர் வந்து கை குலுக்கினார்கள். படித்தவர் தன் தவறை ஒப்புக்கொள்வது எவ்வளவு பெரிய குணம் என்று போதகர் பாராட்டினார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: "உடம்ப எங்கயும் நகத்த வேண்டாம். மண்டபத்துலயே வெச்சு நடத்துவோம். அதுதான் மரியாதை." மரியாதை என்று ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மண்டபத்தில் ஊரே கூடியது. வெண்டலின் தாடியில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. உர்சுலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். "வெண்டல், நான் உன்னக் கொன்னிருந்தா இப்பவே சொல்லு" என்று வழக்கமான சொற்களைச் சொல்லி, உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்தாள். சபையோர் குனிந்து பார்த்தார்கள். மூக்கில் ஒன்றுமில்லை. காயத்தில் ஒன்றுமில்லை. அவள் கையை எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள், யாரும் பிற்பாடு ஒரு சொல் சொல்லக்கூடாது என்று. எடுத்தபோது அவள் விரல்கள் நீலமாகியிருந்தன.

கூட்டத்தில் யாரோ பெண்கள் அழுதார்கள். நேற்று அவளைக் கொலைகாரி என்றவர்கள்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், அன்றைக்கு ஒரு பிணம் மூடிவிட்டது. உர்சுலா அம்புரோசைப் பார்த்தாள். பார்த்தீர்களா என்று கேட்கிற பார்வை. அவர் தலையாட்டினார். அவள் உயிரோடு, இரண்டு கையோடு நிற்கிறாள், அதற்குமேல் என்ன வேண்டும்? லெய்டனாவது மண்ணாவது.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வழக்கம் ஒன்று திரும்பி வந்தால் தனியாக வருமா?

"முறைன்னா முறையா நடக்கணும்" என்றார் நீதிபதி. "வீட்டுல இருந்தவங்க எல்லாரும் தொடணும். வடிசாலையில வேலை செய்யுற குன்ஸ் எங்க?"

குன்ஸ் பின்வரிசையில் நின்றிருந்தான். பீப்பாய் உருட்டும் ஆள். தோள் அகலம், பேச்சு கிடையாது. போன ஆண்டு வெண்டல் அவனைத் தெருவில் வைத்து அறைந்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. ஞாபகம் வரவேண்டிய நேரத்தில் ஊருக்கு எல்லாமே ஞாபகம் வரும்.

"இப்பவே நடத்திடலாங்க" என்றார் அம்புரோஸ் அவசரமாக.

"உமக்கென்ன, இளவயசு. எனக்குக் கால் ரெண்டும் மரத்துப்போச்சு. சாப்பாட்டு நேரமும் ஆச்சு. பாடையத் தூக்கிட்டு சபை மண்டபத்துக்கு வாங்கப்பா. அங்க கணப்பு எரியுது. சாப்பிட்டு, சூடு ஏத்திக்கிட்டு, மிச்சத்தப் பாப்போம்."

சபை மண்டபத்துக் கணப்பு ஆளுயரம். பச்சை ஓடு பதித்தது. விறகு போடுகிறவன் அன்று தாராளமாகப் போட்டிருந்தான். பாடையைக் கணப்புக்குப் பக்கத்தில், தலைமாட்டை அந்தப் பக்கமாக வைத்து இறக்கினார்கள். வேறெங்கும் இடமில்லை. பெரிய மேசையில் சபையோர் உட்கார்ந்து பீர் சூப்பும் புகைபோட்ட கறியும் சாப்பிட்டார்கள். செத்தவன் வடித்த பீர்தான். நன்றாகத்தான் இருந்தது என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

அம்புரோஸ் சாப்பிடவில்லை. வெண்டலின் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பனி மின்னியது. பிறகு நனைந்தது. பிறகு சொட்டியது.

இப்போது எழுந்து, பாடையைத் தள்ளி வையுங்கள், சூட்டில் ரத்தம் இளகும் என்று சொல்லலாம். சொன்னால், காலையில் வராமல் போனது குளிரால்தான் என்று ஆகிவிடும். உர்சுலா மறுபடி கோபுரத்துக்குப் போவாள். சொல்லாவிட்டால்? ஒருவேளை வராமலும் போகலாம். சபையோர் அடுத்த வாய் சூப்பைக் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். குடித்தவர்கள் முடித்தார்கள், தட்டை எடுத்தார்கள், அவர் சொல்லவில்லை. எதையும் சந்தேகிக்கக் கற்றவர், அந்த ஒருவேளையை மட்டும் சந்தேகிக்காமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

குன்ஸைக் கொண்டுவந்தார்கள். சொற்களைச் சொல்லத் தெரியாமல் போதகர் சொல்லிக்கொடுக்கச் சொன்னான். கையை நெஞ்சில் வைத்தபோது நிற்க முடியாமல் உடம்பின் பாரத்தையே அதன்மேல் போட்டுவிட்டான்.

வெண்டலின் மூக்கிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு கோடு இறங்கி மீசையில் தேங்கியது.

மண்டபத்தில் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் வந்தது. "ஐயா, நான் இல்லங்க! நான் தூங்கிட்டிருந்தேங்க! ஐயா!" என்று குன்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். காவல்காரர்கள் அவன் கைகளைப் பின்னால் முறுக்கினார்கள். எதற்குத் தயார்செய்கிறார்கள் என்று அம்புரோசுக்குத் தெரியும். ஒருமுறை பாத்திரம் அடைப்பவனின் தோள்மூட்டைக் கையில் பிடித்தவர் அவர்.

"நிறுத்துங்க! இது கணப்புச் சூடு. காலையில உறைஞ்சிருந்தது. இப்ப இளகிருச்சு. அவன் நெஞ்ச அமுக்குனான், வந்துச்சு. அவ்வளவுதான்" என்றார்.

நீதிபதி மெதுவாகத் திரும்பினார். கிழவர் முட்டாள் இல்லை.

"நேத்து மனசாட்சிப்படி வேற சொன்னீரே."

"நேத்து சொன்னது பொய்."

"அப்படியா? அப்ப காலையில நடந்ததும் பொய்யா? இந்தம்மா கைக்கு ரத்தம் வராதது குளுராலதானா? அப்ப இவங்களத் திரும்பக் கோபுரத்துக்கு அனுப்பணுமே." ரோம உறையை உயர்த்தி உர்சுலாவைக் காட்டினார். "பிணம் பேசுமா, பேசாதா? ஒண்ணச் சொல்லும். பேசும்னா குன்ஸ். பேசாதுன்னா இவங்க. நீர் எதச் சொன்னாலும் நான் கேக்குறேன்."

உர்சுலா சுவரோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது பயமா கோபமா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல.

அம்புரோஸ் சட்டைக் கையை மேலே தள்ளிக்கொண்டு பாடையிடம் போனார். "வெண்டல், நான் உன்னக் கொன்னிருந்தா இப்பவே சொல்லு" என்று சத்தமாகச் சொல்லி உள்ளங்கையை வைத்தார். கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தார். அது மோசடி என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

ரத்தம் மீசையைத் தாண்டி, வாயோரமாக வழிந்து, விரிப்பில் சொட்டியது. குன்ஸுக்கு வந்ததைவிட அதிகம்.

"எனக்கும் வருது. அன்னைக்கு ராத்திரி நான் வீட்டுல தனியா படிச்சிட்டிருந்தேன், பாத்தவங்க யாரும் கிடையாது. என்னையும் கப்பியில ஏத்துங்க." அவர் குரல் கிறீச்சிட்டது. "ஆனா அதுக்கு முன்னால நீங்க வாங்க, நீதிபதி ஐயா. கைய வைங்க. நீங்க கொல்லல, அப்புறம் என்ன பயம்? போதகரே, நீங்க வாங்க. சபைக்காரங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா வாங்க. யாருக்கு வரலையோ அவங்க என்னைத் தூக்குங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. பிணம் பேசும் என்று நம்பியவர்கள் எழவில்லை. பேசாது என்று உள்ளுக்குள் நினைத்தவர்களும் எழவில்லை. ஒருவர் தன் கைகளை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். போதகர் ஜபமாலை பிடிப்பதுபோல விரல்களைப் பின்னிக்கொண்டார், ஜபமாலையே இல்லாத லூத்தரன் சபைக்காரர் தான் என்பதையே மறந்து. நீதிபதியின் கைகள் ரோம உறைக்குள் இன்னும் ஆழமாகப் போயின. வெண்டலின் மூக்கு அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"உடம்பு கெட ஆரம்பிச்சிருச்சு" என்றார் நீதிபதி கடைசியில். "இந்த நெலமையில சோதனை செல்லாது. படியில பனி இருந்ததா சாட்சி இருக்கு. வழுக்கி விழுந்தான்னு முடிச்சுடலாம். இருட்டுறதுக்கு முன்னால பொதச்சிருங்க."

இப்படித்தான் லிண்டன்பாக்கில் பகுத்தறிவு இரண்டாவது முறை வென்றது. முதல்முறை ஒரு தொலைநோக்கி காரணம். இரண்டாம் முறை, பெரியவர்கள் தங்கள் தங்கள் கையை எண்ணிப் பயந்தது காரணம். அம்புரோசின் வாதம் இரண்டு தடவையும் கூடவே நின்றது, கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

குன்ஸ் அந்த வாரமே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டான். வைத்தியரிடம் வருகிறவர்கள் குறைந்தார்கள். நம்புகிறவர்களுக்கு அவர் கை பட்டு ரத்தம் வந்தது உறுத்தியது, நம்பாதவர்களுக்கு அவர் பொய் சொன்னது உறுத்தியது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உர்சுலா வீட்டில் இருந்தாள். கையும் காலும் முழுசாக இருந்தாள். வடிசாலைப் புகைபோக்கியில் புகை போவதை அவர் தினமும் ஜன்னலிலிருந்து பார்த்தார்.

துக்கநாட்கள் முடியட்டும் என்று காத்திருந்து, பனி உருகத் தொடங்கிய ஒரு முற்பகலில் போனார். நல்ல கோட்டு போட்டுக்கொண்டு போனார். உர்சுலா வடிசாலை வாசலில் நின்று, கொப்பரை கிண்டும் நீண்ட துடுப்பில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"போதகர்கிட்ட எப்ப பேசலாம்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார்.

அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு அப்புறம் சொல்றேன்."

"கேளு."

"கோபுரத்துல நான் கையி வெச்சா ரத்தம் வராதுன்னு சொன்னீங்க. குளுருக்கு. சரி. நானே கொன்னிருந்தாலும் வந்திருக்காது, இல்லையா?"

"வந்திருக்காது."

"அதையும் அன்னைக்கே தெரிஞ்சு வெச்சிருந்தீங்க."

"ஆமா. அது உடம்போட இயல்பு. யார் தொட்டாலும்…"

"அன்னைக்கு வந்தீங்க, போனீங்க. எனக்காகப் பொய் சொன்னீங்க, அவமானப்பட்டீங்க. பொணத்து மேல கைய வெச்சீங்க. மறக்க மாட்டேன், செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா நீ செஞ்சியான்னு ஒரு தடவகூட நீங்க என்னக் கேக்கல. ஏன் கேக்கலன்னு நானும் படுத்துப் படுத்து யோசிச்சேன். நம்பிக்கையினால கேக்கலன்னு முதல்ல நெனச்சேன்." அவள் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராகப் பார்த்தாள். "சொல்லுங்க. நான் செய்யலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவர் வாயைத் திறந்தார். அந்தச் சொல்லுக்கு முன்னால், வழக்கம்போல, அதற்கு என்ன ஆதாரம் என்று மனம் போய்த் தேடியது. நிலவறையில் அவர் இல்லை. படியில் பனி இருந்தது, உண்மை. சம்மட்டியும் இருந்தது. இவள் குணம் தெரியும். ஆனால் குணம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். இவளை அவர் நேசித்தார், நேசிக்கிறவன் தீர்ப்புக்கு மதிப்புக் கிடையாது என்பது தெளிவு.

"நீ செஞ்சிருக்க மாட்டேன்னுதான் நான் நெனக்கிறேன்" என்றார்.

உர்சுலா சிரித்தாள். கேலி இல்லை. அழுகையை அடக்க வேறு வழி தெரியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

"தெருவுல போறேன், எல்லாரும் வணக்கம் சொல்றாங்க. மாவுக்காரன் கடன் தரான். பொம்பளைங்க பிள்ளையக் கையில குடுக்குறாங்க. பொணம் சொல்லுச்சு, நான் செய்யலன்னு. கேட்டவங்க எல்லாரும் நம்பிட்டாங்க. இந்த ஊர்லயே அத நம்பாத ஒரே ஆள் நீங்கதான். அந்த ஒரு ஆளோட நான் எப்படி ஒரே வீட்டுல தூங்கி எந்திரிக்கிறது?"

"உர்சுலா, அது நம்பாம இருக்கறது இல்ல. தெரியாதத தெரியும்னு சொல்ல…"

"தெரியுது. உங்களால முடியாது. அதுக்கு உங்களக் குத்தம் சொல்லல."

உள்ளே கொப்பரை பொங்கும் சத்தம் கேட்டது. அவள் துடுப்பை எடுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தவில்லை, சாத்த நேரமில்லை. நீராவி வாசல்வரை வந்து அவர் நல்ல கோட்டை நனைத்தது. அம்புரோஸ் வெகுநேரம் அங்கேயே நின்றார். உள்ளே போய், "தெரியும்" என்று ஒரு சொல் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. அவளைக் கோபுரத்திலிருந்து மீட்க ஒரு பொய் சொன்னவரால் இன்னொன்று சொல்ல முடியாதா? ஆனால் இது பொய்யா என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு உள்ளே போகலாம் என்று நினைத்து, வாசலில் நின்றபடி யோசித்துக்கொண்டே இருந்தார்.